கூறு போகாத ஏழு அலிபு

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் பெருநாளுக்குச் சுண்ணாம்பு நீற்றினார்கள். கல் தண்ணீரில் விழுந்து கொதிக்கிற சத்தமும், மூக்கில் ஏறுகிற அந்தச் சூட்டு வாசமும் வேலிக்கு மேலால் வந்தன. மணி விரலில் ஓடுகிறது, வாயும் அசைகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் சத்தம் என் காதிலேயே விழுந்தது. நான் ஓதிக்கொண்டிருந்தது தஸ்பீஹ் அல்ல. "பதினேழால எட்டு மிச்சம், பத்தொன்பதால பத்து மிச்சம், இருபத்து மூண்டால நாலு மிச்சம்..." அஸ்தஃபிருல்லாஹ்! உம்மாவுக்கு இப்போது காது மந்தம். மகள் ஏதோ பெரிய துஆ கேட்கிறாள் என்று நினைத்து, வாசலில் இருந்தபடி இரண்டு கையையும் ஏந்தி "ஆமீன்" என்றார்.

அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸையெல்லாம் இப்போது அரசாங்கமே எடுத்து ஓட்டுகிறது, ஆனாலும் அந்தப் பக்கம் இன்னும் ஒன்றும் ஓடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்து நாவல் மரத்தில்.

கலியாணம் முடித்து நீங்கள் நிந்தவூரில் இருந்து மருதமுனைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. நான் தறியில் ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரன் நெய்வேன். நீங்கள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நற்பிட்டிமுனை, வீரமுனை, காரைதீவு என்று விற்கப் போவீர்கள். ஒரு சாரன் நெய்து இறக்கினால் தறிக்குப் பக்கத்துச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுவைப்பேன். ஓதப்பள்ளியில் முதன்முதல் படித்த அரபு எழுத்து அலிபு, அதுவும் நெட்டுக்கு ஒரு கோடுதான். அதனால் எங்கள் வீட்டில் அதைக் கோடு என்று யாரும் சொல்லவில்லை. "இண்டைக்கு எத்தனை அலிபு?" என்றுதான் நீங்களும் கேட்பீர்கள்.

அன்றைக்குச் சுவரில் ஏழு அலிபு இருந்தது. மூட்டை கட்ட வந்த நீங்கள், கயிறு கையில் இருக்க, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டீர்கள். உங்கள் கண்ணுக்கு அது ஏழு சாரனாகத் தெரியவில்லை. ஏழு ஒன்றுகளை வரிசையாய் எழுதிய ஓர் இலக்கமாகத் தெரிந்திருக்கிறது.

"பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்டு!" என்றீர்கள், பள்ளியில் பாங்கு சொல்கிற சத்தத்தில்.

குசினிக்குள் இருந்து உம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "என்ன மருமகன் பதினொரு லட்சம்?"

"சாரன், மாமி."

"யா அல்லாஹ்! ஆர் நெய்தது?"

"உங்கட மகள்தான்."

"இவளா? ஏழு சாரனுக்கே முதுகு நோகுதெண்டு ஊரைக் கூட்டுறவள்!"

நான் சிரித்த சிரிப்பில் தறியில் நூல் அறுந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மூட்டையும் கட்டவில்லை. அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் குந்திவிட்டீர்கள்.

"இஞ்ச பாரு, இதைக் கூறு போட ஏலுமா?" என்று கேட்டீர்கள்.

கூறு என்றால் எனக்கு விளங்கும். கரைவலை இழுத்தவுடன் மீனை மணலில் குவித்து, எல்லாருக்கும் ஒரே அளவாய்ப் பிரித்து வைப்பதுதானே. ஒரு மீன்கூட மிஞ்சாமல் பிரிந்தால் அது நல்ல கூறு. மிஞ்சினால் சண்டை. நீங்கள் இலக்கங்களையும் அப்படித்தான் இரண்டு சாதியாய்ப் பிரித்து வைத்திருந்தீர்கள். கூறு போகிறது ஒன்று, கூறு போகாதது ஒன்று. பன்னிரண்டு எந்தப் பக்கம் கேட்டாலும் பிரிந்து கொடுக்கும். பதின்மூன்று தன்னைத் தவிர ஒருவருக்கும் கொடுக்காது.

அலிபுகளையும் ஒன்றிலிருந்து வரிசையாய்ப் பிடித்தீர்கள். இரண்டு அலிபு பதினொன்று, அது கூறு போகாது, கஞ்சன். மூன்று அலிபை மூன்று முப்பத்தேழாய்ப் பிரிக்கலாம். நாலு அலிபு, பதினொரு தரம் நூற்றொன்று. ஐந்து அலிபு உங்களை நன்றாக அலைக்கழித்தது. காரைதீவுப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயல் வரம்பில் குச்சியால் எழுதி எழுதிப் பார்த்து, ஒரு நாள் பின்னேரம் மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, படலையைத் திறக்கும்போதே கத்தினீர்கள்: "நாப்பத்தொண்டு! நாப்பத்தொண்டு!"

உம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "இன்னாலில்லாஹி... ஆர்ர நாப்பது மகன்? ஆர் மவுத்தானது?" என்று அழத் தொடங்கிவிட்டார். நாற்பதாம் நாள் கத்தத்துக்குச் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பு. நாற்பத்தொன்றால் இருநூற்று எழுபத்தொன்றைப் பெருக்கினால் ஐந்து அலிபு என்று நீங்கள் விளங்கப்படுத்தியபோது அந்த அழுகை கோபமாய்த் திரும்பியது. எனக்கு அந்த இரண்டு முகமும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுடையது பிறை கண்ட முகம், உம்மாவுடையது புளித்த மோர் குடித்த முகம்.

ஆறு அலிபு ஊருக்கே திறந்த வீடு. மூன்று வந்தாலும் சாப்பாடு, ஏழு வந்தாலும் சாப்பாடு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு ஆர் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாது. "இது உங்கட வாப்பா மாதிரி" என்றீர்கள். மெய்தான், வாப்பாவும் அப்படித்தான் இருந்தார், மவுத்தாகும்வரை.

ஏழு அலிபுதான் முரடன்.

நான் அந்த நேரம் தறியில் இருந்தபடி ஒன்று சொன்னேன், ஞாபகமா? நீங்கள் ஏழால் பிரித்து, பதினொன்றால் பிரித்து, பதின்மூன்றால் பிரித்துச் சுவரைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றிலும் ஒன்று மிஞ்சியது. "மச்சான், ஆறு அலிபு அவங்களுக்கெல்லாம் முழுசாக் குடுத்திட்டுதுதானே. அதைப் பத்து மடங்காக்கினாலும் முழுசாத்தான் குடுக்கும். அதுக்குப் பிறகு கடைசியில நிக்கிறது ஒரே ஒரு அலிபு. அப்ப எல்லாருக்கும் ஒண்டுதான் மிஞ்சும். இதுக்கு ஏன் கரியை வீணாக்கிறீங்க?" என்றேன். நீங்கள் திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தீர்கள். கலியாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஏழு, பதினொன்று, பதின்மூன்று, மூன்று, முப்பத்தேழு ஐந்தையும் ஒரே இழுப்பில் சுவரில் இருந்து அழித்தீர்கள். பிறகு, "நீ இரண்டாம் வகுப்பு படிச்சதாலதான் இப்பிடிக் கதைக்கிற. கூடப் படிச்சிருந்தா கெட்டுப்போயிருப்பாய்" என்றீர்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் விடவில்லை. கூறு போகாத இலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாய் வாசலுக்குக் கூப்பிட்டு, அதால் ஏழு அலிபைப் பிரித்துப் பார்த்தீர்கள். மூன்றுக்குக் கூறு போகாதது ஒன்பதுக்கும் போகாது, பதினைந்துக்கும் போகாது, அவர்களைக் கூப்பிடத் தேவையில்லை. பதினேழு வந்து போனது. பத்தொன்பது வந்து போனது. ஆயிரத்து ஐம்பத்து நாலு வரைக்கும் பார்த்தால் போதும், அதை அதாலேயே பெருக்கினால் ஏழு அலிபுக்குச் சற்றுக் கீழே வரும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். அதற்கு மேலே ஒருவன் கூறு கேட்டு வந்தால், அவனோடு சோடியாய் வருகிறவன் அதற்குக் கீழேதான் இருப்பான், அவன் முன்பே பிடிபட்டிருப்பான் என்றீர்கள். அது எனக்கு உடனே விளங்கியது. சந்தைக்குப் புருஷன் பெஞ்சாதி சேர்ந்துதானே வருகிறார்கள், ஒருவரைக் கண்டால் மற்றவரைத் தேடத் தேவையில்லை.

ஆனால் ஆயிரத்து ஐம்பத்து நாலு வரைக்கும் சுவர் வேண்டுமே. தறிப்பக்கத்துச் சுவர் முடிந்து, குசினிப்பக்கம் திரும்பி, கதவுக்கு மேலே கதிரை போட்டு ஏறி எழுதுகிற நிலை வந்தது. சைக்கிளில் போன நீங்கள், வீரமுனைக் கோயிலடியில் சாரன் விலை கேட்டவரிடம் "மிச்சம் ஒன்பது" என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் கேள்வி. ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. உம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. காரணம் இருந்தது. தங்கச்சிக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெருநாள் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாய்ச் சொல்லியிருந்தார்கள். மூத்த மருமகனுக்கு மூளை பிசகி, சுவரெல்லாம் கரியால் எழுதுகிறான் என்று அவர்கள் காதில் விழுந்தால் அந்தக் கதை அதோடு முடியும்.

உம்மா முதலில் பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையைக் கூட்டிவந்தார், ஜின் பிடித்திருக்குமோ என்று ஓதிப் பார்க்க. லெப்பை வந்தார், கதிரையில் இருந்தார், தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கண் சுவரில் போனது.

"இதென்ன, அலிபா?"

"ஓம் லெப்பை. ஏழு."

"அலிபு எழுதுற கையில எப்பிடி ஜின் பிடிக்கும்?" என்றார் உம்மாவைப் பார்த்து. பிறகு உங்களிடம், "என்ன செய்யிறீங்க மகன் இதை?"

நீங்கள் சொன்னீர்கள். லெப்பை கிண்ணத்தைக் கீழே வைத்தார். தேத்தண்ணி வந்தது. ஆறியது. உம்மா கதவில் சாய்ந்து நின்று பார்க்கிறார், லெப்பை கதிரையை இழுத்து இழுத்துச் சுவருக்குக் கிட்டப் போகிறார்.

"முப்பத்தொண்டால பார்த்தாச்சா?"

"பார்த்தன் லெப்பை. ஒன்பது மிச்சம்."

"இல்ல, எனக்கு அப்பிடி வராது போல இரிக்கி. கரியைத் தாங்க."

அவருக்கும் ஒன்பதுதான் மிஞ்சியது. எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "ஐம்பத்து மூண்டை நான் வீட்ட போய்ப் பார்க்கிறன், நீங்க கஷ்டப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா கிண்ணத்துத் தண்ணீரை முற்றத்தில் வீசினார். அது என் மீது பட்டது. ஓதாத தண்ணிதான்.

மறுநாள் காலை உம்மா நேராய் வந்து நின்றார். கத்தவில்லை. உம்மா கத்தாவிட்டால்தான் பயம்.

"மருமகன், எனக்கு மாப்பிள்ளை வேணும், கணக்கப்பிள்ளை வேணாம். பெருநாளைக்கு முந்தின நாள் இந்தச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடிப்பன். அதுக்குப் பிறகு அதில ஒரு கரிக்கோடு விழுந்தா, பாயையும் தலகாணியையும் தூக்கிக்கிட்டு உங்கட உம்மாட வீட்ட போகலாம்."

எங்கள் ஊரில் அந்தப் பாயும் தலகாணியும் எதைச் சொல்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினால், திரும்பி வருவது லேசில்லை. நான் தறியை நிறுத்திவிட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், உம்மாவைப் பார்த்தீர்கள். பிறகு மிகவும் மரியாதையாய்ச் சொன்னீர்கள்:

"போறன் மாமி. ஆனா சுவரையும் தாங்க."

அந்தப் பேச்சில் கேலி ஒரு துளிகூட இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. எனக்குக் கேலி செய்யத் தெரியும், கேலி இல்லாத மனுஷனை என்ன செய்வதென்று தெரியாது. அப்போதுதான் எனக்கும் பிடிவாதம் வந்தது. "உம்மா, இவர் போனா நான் தறியைக் கழட்டிக்கிட்டுப் பின்னால போவன். ஆனா போகத் தேவை வராது. பெருநாளைக்கு முதல் இந்த முரடனுக்கு ஒரு முடிவு கண்டிடுவம்" என்றேன். சொந்த வீட்டை விட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் போன பெண் எங்கள் குடியில் இல்லை. உம்மா சுண்ணாம்புக்குச் சொல்லிவிடப் போய்விட்டார்.

அந்த நோன்பு மாதம் முழுக்க நீங்கள் வாசலில் ஆள் கூப்பிட்டபடியே இருந்தீர்கள். நான் நெய்தபடியே கழித்தலைச் சொல்லிக்கொடுப்பேன். நோன்பு வாயோடு நூற்று மூன்று, நூற்று ஏழு, நூற்று ஒன்பது. ஒரு பிழை வந்தால் பழையபடி முதலில் இருந்து. "மிச்சத்தைப் பாரு, மிச்சம்தான் உண்மை கதைக்கும்" என்பீர்கள். அவசரப்பட்டு ஒன்றையும் தாண்டிப் போக விடமாட்டீர்கள். நூற்றைம்பதைக் கடந்ததும் எனக்குக் கை சோர்ந்தது. ஆயிரம் எங்கே, நாங்கள் எங்கே. "இது கூறு போகாத சாதிதான் மச்சான், விட்டிடுவம்" என்றேன் ஒரு நாள். "அப்ப அதையும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டுத்தான் சொல்லவேணும். கேக்காமச் சொன்னா அது புறணி" என்றீர்கள். ஒரு இலக்கத்தைப் பற்றிப் புறணி பேசக்கூடாது என்று நினைத்த மனுஷன் இந்தக் கரையிலேயே நீங்கள் ஒருவர்தான்.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் உம்மா சுண்ணாம்பைக் கரைத்தார். தென்னந்தும்பைக் கட்டிய குச்சோடு குசினிப்பக்கத்தில் இருந்து அடிக்கத் தொடங்கினார். பதினேழு போனது. நாற்பத்து மூன்று போனது. கதவுக்கு மேலே இருந்த எழுபதுகளும் போயின. நீங்கள் தறிப்பக்க மூலையில், இன்னும் வெள்ளை எட்டாத ஒரு பாய் அகலத்துச் சுவரில், முகத்தைச் சுவரோடு ஒட்டி எழுதிக்கொண்டிருந்தீர்கள். இருநூற்றுப் பதினொன்று, இல்லை. இருநூற்று இருபத்து மூன்று, இல்லை. இருநூற்று இருபத்தேழு, இல்லை. இருநூற்று இருபத்தொன்பதில் மூன்றே மூன்று மிஞ்சியது. பதினொரு லட்சத்துக்கு மூன்று! உங்கள் தோள் ஒரு தடவை குலுங்கியது. அவ்வளவுதான். அடுத்ததை எழுதினீர்கள்.

"விலகுங்க மருமகன்" என்றார் உம்மா.

நீங்கள் விலகவில்லை. உங்களுக்குக் கேட்கவே இல்லை. உம்மாவும் நிற்கிறவர் இல்லையே. உங்களைச் சுற்றி அடித்தார். தோளுக்கு மேலே அடித்தார், இடுப்புக்குப் பக்கத்தில் அடித்தார், கால் இரண்டுக்கும் நடுவிலும் அடித்தார்.

"இருநூத்தி முப்பத்தொன்பது" என்றீர்கள். "நாலு தரம் போகும், நூத்தி அம்பத்தஞ்சு மிச்சம். ஒரு அலிபை இறக்கு. ஆறு தரம். நூத்திப் பதினேழு. இன்னொண்டை இறக்கு. நாலு தரம். இருநூத்திப் பதினைஞ்சு."

கடைசி அலிபு இறங்கியது. இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தொன்று. நீங்கள் எழுதாமல் நின்றீர்கள். நான் தறியில் இருந்து எழும்பிவிட்டேன். ஒன்பது தரம் இருநூற்று நாற்பது என்றால் இரண்டாயிரத்து நூற்று அறுபது, அதில் ஒன்பதைக் கழித்தால்...

"மச்சான்!" என்று கத்தினேன். "மச்சான், மிச்சமில்ல!"

உம்மாவின் குச்சு நின்றது. "என்ன மிச்சமில்ல?"

"கூறு போச்சு மாமி" என்றீர்கள். "ஒண்டும் மிஞ்சல்ல."

"சரியாப் போச்சா? சண்டை வராத கூறா?"

"வராது மாமி."

"அப்ப முடிஞ்சுதுதானே?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா? இருநூற்று முப்பத்தொன்பது ஒரு பக்கம், நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது மறுபக்கம். அந்தப் பெரியவன் மேலும் கூறு போவானா என்று கேட்கப் போகிறீர்கள், அதற்கு இன்னொரு சுவர் வேண்டும் என்று சொல்லப் போகிறீர்கள், பாயும் தலகாணியும் படலையைத் தாண்டப் போகிறது. நான் முந்திக்கொண்டேன்.

"முடிஞ்சுது உம்மா. அந்தப் பெரியவன் பிரியிறதெண்டா, ரெண்டு பேரில சின்னவன் அறுபத்தெட்டுக்கு மேல வரமாட்டான். அறுபத்தெட்டு தரம் அறுபத்தெட்டே அவனுக்குக் கொஞ்சம் கீழதான், அறுபத்தொன்பது எண்டா தாண்டிடும். அந்தச் சின்னவங்களெல்லாம் எங்கட வாசலுக்கு வந்து மிச்சத்தோட திரும்பினவங்கள். பெரியவனைப் பிரிக்கத் தெரிஞ்சவன் முழுசையும் பிரிச்சிருப்பான். இனிக் கேக்க ஆளில்ல."

நீங்கள் "மெய்தான்" என்றீர்கள். கரியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் இருந்து விலகினீர்கள். வெள்ளைச் சுவரில் உங்கள் உருவத்துக்கு ஒரு கறுப்பு மனுஷன் நின்றான், நெஞ்சுக்கு நடுவே கணக்கோடு. உம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குச்சைச் சுண்ணாம்பில் தோய்த்து, தலையில் இருந்து கால்வரை இரண்டு இழுப்பில் மூடினார்.

"போய்க் குளிங்க மருமகன். முதுகெல்லாம் சுண்ணாம்பு" என்றார். நிந்தவூரைப் பற்றி அதன் பிறகு உம்மா ஒருநாளும் கதைக்கவில்லை. தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள், சுவரைப் பார்த்து "பால் மாதிரி இரிக்கி" என்றார்கள். நீங்கள் அவர்களுக்கு முன்னால் ஒரு இலக்கம்கூடச் சொல்லாமல் இருந்தது எனக்கு ஏழு அலிபைவிடப் பெரிய அதிசயம்.

பெருவெள்ளம் வந்த அந்த மாரிக்குப் பிறகு காய்ச்சல் உங்களைப் பிடித்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். பாயில் கிடந்தும் நீங்கள் புலம்பவில்லை. எட்டு அலிபும் ஒன்பதும் பத்தும் எப்படிப் பிரிகின்றன என்று முடித்திருந்தீர்கள். ஒன்பது அலிபில் ஒரு பெரிய ஆள் உண்டு, மூன்று லட்சத்துக்கு மேலே, அவன் கூறு போவானா என்று உங்களுக்குத் தெரியவில்லை. பதினொன்றை மட்டும் தொட்டுவிட்டு வைத்தீர்கள். கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "பதினொண்டில இருபத்து மூண்டு வரைக்கும் பார்த்திட்டன். மற்றதை நீ பாரு" என்றீர்கள். ஆட்கள் வஸிய்யத்தாய் காணியை எழுதுவார்கள், வளவை எழுதுவார்கள். எனக்குப் பதினொரு அலிபு.

நான் பார்க்கிறேன் மச்சான். விடமாட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் கண்டுபிடித்திருக்கிறேன், இதைக் கேளுங்கள். ஏழு அலிபின் இரண்டு பிள்ளைகளையும், இருநூற்று முப்பத்தொன்பதையும் அந்தப் பெரியவனையும், ஏழால் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்று மிச்சம். ஐந்து அலிபின் நாற்பத்தொன்றையும் இருநூற்று எழுபத்தொன்றையும் ஐந்தால் பிரித்தேன். அங்கேயும் ஒன்று மிச்சம். தாயின் முகம் பிள்ளைகளில் இருக்கிற மாதிரி. ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. ஆனால் அப்படியென்றால் பதினொரு அலிபின் பிள்ளைகளும் பதினொன்றால் பிரித்தால் ஒன்று மிச்சம் வைப்பார்கள்தானே? ஆகவே அப்படிப்பட்டவர்களை மட்டும்தான் வாசலுக்குக் கூப்பிடுகிறேன். உங்களைப் போல எல்லாரையும் கூப்பிட்டால் எனக்குச் சீவன் போதாது. இது புறணி ஆகுமோ என்று ஒரு சந்தேகம் உண்டு. ஆகாது என்று வைத்துக்கொண்டேன்.

அறுபத்தேழு, எண்பத்தொன்பது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது எல்லாம் வந்து திரும்பிவிட்டார்கள். ஒருவனும் கூறு வாங்கவில்லை. இன்னும் எத்தனை பேர் வரவேண்டுமோ, எனக்குக் கவலையில்லை. காலையில் தறியில் இருக்க முதல் ஒருவன், நெய்து இறங்கினால் ஒருவன். சாகும்வரைக்கும் ஆள் இருக்கிறார்கள். தனிமை என்று சொல்ல நேரமில்லை.

உம்மா இப்போது சுவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பெருநாளுக்கு முந்தின நாள் மட்டும் குச்சை என் கையில் தந்துவிட்டுப் போகிறார்.

இன்று வெள்ளிக்கிழமை. தங்கச்சியின் மாப்பிள்ளை ஜும்ஆவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, உம்மாவுக்கு ஸலாம் சொல்லி, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து கதைத்துவிட்டுப் போனார். அந்த இடத்தில்தான் காலையில் நான் அறுநூற்றுப் பதினேழால் பிரித்து எழுதியிருந்தேன். கரி ஈரமாய் இருந்திருக்கவேண்டும். ஒன்றுகளெல்லாம் அவர் முதுகில் நேராகவே பதிந்துவிட்டன, மற்ற இலக்கங்கள்தான் பக்கம் மாறிவிட்டன. தொழுகை முடிந்ததும் பின் வரிசையில் நின்ற யாரோ ஒருவர் அவரைத் தோளில் தட்டி, இரண்டாவது கழித்தலில் ஐந்து வரவேண்டிய இடத்தில் ஆறு இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சரிபார்த்தேன். ஐந்துதான்.